ஊர் காத்திருக்கவில்லை
(தாயகம் திரும்பியோர் பற்றித் திண்டுக்கல்லில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



நம் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியேற விசா கிடைத்துவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பழனிக்குப் போய் வருவார்கள். பொடி வகைகள் இடிப்பார்கள். பெட்டியை எடை போட்டுப் பார்ப்பார்கள். ஆனால் அம்மாக்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஏர்போர்ட்டுக்கு யாருப்பா வந்து கூப்பிட்டுக்குவாங்க?" எவ்வளவு பெரிய படிப்புப் படித்தவனாக இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை அந்த அம்மாவுக்குத் தூக்கம் வராது. அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இன்று நான் சொல்லப்போவதைக் கேளுங்கள். நம் ஊரிலிருந்து போனவர்களைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. முறையான பாஸ்போர்ட்டோடு, அரசு முத்திரையோடு, வாழ்க்கையில் முதல் தடவையாக நம் நாட்டில் கால் வைத்த இலட்சக்கணக்கான இலங்கை மலையகத் தமிழர்களைப் பற்றிப் பேசப்போகிறேன்.

கொஞ்சம் பின்னால் போவோம். திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் ஒரு தாலுகா. நமக்கென்று தனி மாவட்டம் வந்தது 1985 செப்டம்பரில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்து இலங்கைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதலில் காப்பித் தோட்டத்துக்கு, பிறகு தேயிலைத் தோட்டத்துக்கு. 1876-78 பஞ்சத்தில் கண்மாய் காய்ந்து, விதைநெல்லும் தின்று தீர்ந்தபோது, கங்காணி காட்டிய முன்பணம்தான் பல குடும்பங்களுக்கு மிஞ்சிய ஒரே வழி. 1875-இல் திண்டுக்கல்லுக்கு ரயில் வந்தது. அதற்கு முன்னால் போனவர்கள் நடந்தே போனார்கள். மதுரை, இராமநாதபுரம், கடற்கரை, அங்கிருந்து தோணி, மன்னாரில் இறங்கி மறுபடியும் காடு வழியே மாத்தளை வரை நடை. அந்த நடைபாதையில் செத்தவர்களுக்குக் கணக்கு கிடையாது. பின்னாளில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் லேபர் கமிஷன் அலுவலகமே 1904-இல் திருச்சியில் வந்து அமர்ந்தது. அந்த அளவுக்கு இந்தச் சமவெளி ஆட்களைத் தந்துகொண்டிருந்தது.

மூன்று நான்கு தலைமுறை கழிந்தது. அங்கே பிறந்தவர்கள் அங்கேயே கொழுந்து பறித்தார்கள், கவ்வாத்து வெட்டினார்கள், லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் பிள்ளை பெற்றார்கள், அங்கேயே புதைக்கப்பட்டார்கள். 1948-இல் இலங்கை சுதந்திரம் அடைந்த அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கொண்டு வா என்று கேட்டது. லயத்தில் பிறந்த தகப்பனுக்கு யார் பிறப்புச் சான்றிதழ் எழுதி வைத்தார்கள்? அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. அந்தத் தேயிலையை விற்று நாடு நடந்தது. அதைப் பறித்தவர்களுக்கு நாடு இல்லாமல் போனது.

1964 அக்டோபர் 30. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்று முடிவாயிற்று. அந்த ஒன்றரை இலட்சத்தை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1964 ஒப்பந்தப்படி பதினைந்து ஆண்டுகளில் எல்லாம் முடிய வேண்டும், அதாவது ஆண்டுக்கு 35,000 பேர் கடல் தாண்ட வேண்டும். பாகப்பிரிவினையில் மாடு கன்றைப் பங்கு வைப்பது போலப் பங்கு வைத்தார்கள் என்று சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் எதிர்த்தார். அது எடுபடவில்லை.

விண்ணப்பம் போடச் சொன்னபோது அந்த மக்கள் தங்கள் மனத்தைத் தெளிவாகவே காட்டினார்கள். இலங்கையிலேயே இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள், ஒதுக்கப்பட்ட மூன்று இலட்சத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் ஒதுக்கீட்டுக்கும் குறைவு. இதை நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். "தாயகம்" என்று நாம் பெருமையாகச் சொன்ன இடத்துக்கு வர அவர்களில் பெரும்பாலோருக்கு விருப்பமில்லை. பிறகு ஏன் வந்தார்கள்? 1973-74-இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு. ரொட்டிக்கு மாவு கிடையாது. தோட்டங்கள் அரசுடைமையானபோது பல இடங்களில் வேலை போனது, லயத்தை விட்டே துரத்தப்பட்டார்கள். 1977-இல் கலவரம். எழுதிக் கொடுத்தவனைப் பயம் எழுத வைத்தது, பசி எழுத வைத்தது.

அந்தப் பயணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் பாடப்புத்தகங்களில் அது இல்லை. கண்டியில் இந்தியத் தூதரகத்தின் அலுவலகம் இருந்தது. அங்கேதான் இந்தியப் பாஸ்போர்ட். அங்கேதான் "குடும்ப அட்டை". நம் ரேஷன் கார்டு அல்ல அது. குடும்பத் தலைவர் பெயர், மனைவி, பிள்ளைகள், வயது, இந்தியாவில் எந்த மாவட்டத்துக்குப் போகிறார்கள், அரசு என்ன உதவி தரும், எல்லாம் அந்த ஒரு அட்டையில். இந்திய மண்ணில் அவர்களுடைய எதிர்காலமே அதுதான். தோட்டத்தில் சேமலாப நிதியும் பணிக்கொடையும் வாங்கி, கடன்களை அடைத்து, செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு வர வேண்டும். பேர் வெட்டியபின் அந்தத் தோட்டத்தில் அவருக்கு ஒரு சாண் இடம் கிடையாது.

அங்கே ரயிலைக் கோச்சி என்பார்கள். மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ரயிலுக்கு "அழுகைக் கோச்சி" என்றே பெயர் விழுந்துவிட்டது. ஏனென்றால் குடியுரிமை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. அண்ணன் இந்தியன், தம்பி இலங்கையன். தாய் ஒரு பட்டியலில், கட்டிக்கொடுத்த மகள் வேறு பட்டியலில். ஸ்டேஷனில் மாலை போட்டு வழியனுப்பினார்கள், மேளம்கூட அடித்தார்கள். வண்டி நகர்ந்ததும் ஒப்பாரி. இறந்தவருக்குப் பாடுவதை உயிரோடிருப்பவருக்குப் பாடினார்கள்.

கடல் தாண்டும் வழியும் மாறிப்போயிருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்த துறை அது. பிறகு வந்தவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். "ராமானுஜம்" என்ற கப்பலின் பெயரைச் சொன்னால் அந்தத் தலைமுறை ஆட்களுக்கு இன்றும் முகம் மாறும். சுங்கச் சோதனை, வரிசை, பிறகு மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலிகளை அடைத்துவைத்து அம்மை பார்த்து அனுப்பிய அதே மண்டபம். தாத்தா போன வாசல் வழியாகவே பேரன் வந்தான்.

அந்த மண்டபத்திலிருந்து நம் பக்கம் வந்து சேர்ந்த ஒரு பாட்டியின் வீட்டில் அந்தக் குடும்ப அட்டையை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். தகரப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில், பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்தது. மடிப்புகளில் கிழிந்து ஒட்டுப்போட்ட அட்டை. பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே வயது எழுதியிருந்தது. ஒரு பெயரைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். கப்பல் ஏறும் முன்பே காய்ச்சலில் போய்விட்ட குழந்தை என்றார் பாட்டி. போகும் மாவட்டம் என்ற இடத்தில் மதுரை என்று இருந்தது. ஏன் மதுரை என்று கேட்டேன். அவருடைய மாமனாரின் அப்பா திண்டுக்கல் பக்கம் ஒரு ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். வேடசந்தூருக்குப் போகிற வழியில் ஒரு புளியந்தோப்பு, பக்கத்தில் கருப்பசாமி கோயில். அடையாளம் அவ்வளவுதான். அந்த ஒரு வாய்மொழியை நம்பி ஒரு குடும்பம் நாடு மாறியது.

இந்தத் திட்டம் முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. இவர்கள் தங்கள் சொந்த ஊருக்குப் போகிறார்கள், அங்கே உறவு இருக்கும், காணி இருக்கும், குலசாமி இருக்கும், கொஞ்சம் பணம் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கை. அதனால்தான் பெரும்பாலோருக்குத் தொழிற்கடன் என்று எழுதி அனுப்பினார்கள். குடும்பத்துக்கு 5,000 ரூபாய். பெட்டிக்கடை வை, மாடு வாங்கு. காலையில் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய், தொரையும் கணக்கப்பிள்ளையும் சொன்ன மலையில் கொழுந்து எடுத்துப் பழகிய ஒருவர், கடன் சொல்லிச் சரக்கு வாங்கும் ஊரில் கடை நடத்தி எப்படிப் பிழைப்பார்? கடன் கைக்கு வருவதற்கே அலுவலகம் அலுவலகமாக நடக்க வேண்டும். மண்டபத்திலேயே தரகர்கள் வந்து ஒட்டிக்கொண்டார்கள். நிலம் வாங்கித் தருகிறேன், வேலை வாங்கித் தருகிறேன் என்று கொண்டுவந்த நகையையும் கரைத்தார்கள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. நீலகிரியில் 1968 முதல் இவர்களுக்காகவே தேயிலை நட்டார்கள். அதுதான் பிறகு டான்டீ என்ற அரசுக் கழகமானது. இன்று நாம் ரெப்கோ என்று அறியும் வங்கி 1969-இல் இவர்களுக்காகத் தொடங்கப்பட்டதுதான். தேயிலை தெரிந்தவர்களுக்குத் தேயிலை கொடுத்தது சரியான யோசனை. ஆனால் அந்த வேலை எல்லோருக்கும் போதவில்லை. மீதிப் பேரைச் சமவெளி ஊர்களுக்குச் சீட்டெழுதி அனுப்பிவிட்டுக் கோப்பை மூடினார்கள்.

சமவெளியில் என்ன நடந்தது? உறவு என்று தேடிப்போன வீட்டில் திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள், சில நாள் சோறும் போட்டார்கள். பங்கு கேட்டு வந்திருக்கிறார்களோ என்ற பயம் வந்ததும் பேச்சு குறைந்தது. நிலம் எப்போதோ கைமாறியிருந்தது. வாடகைக்கு வீடு கேட்டால் முதல் கேள்வி எந்த ஆளுங்க என்பது. தோட்டத்திலும் சாதி இருந்தது, இல்லை என்று நான் பூசி மெழுகமாட்டேன். ஆனால் ஒரே லயத்தில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, இந்தத் தெருவில் நடக்காதே என்று ஒருவர் சொல்வது வாழ்க்கையில் முதல் தடவை. பெண்களுக்கு இன்னொரு அடி. தோட்டத்தில் அவர்கள் பேருக்குத் தனிச் சம்பளம் இருந்தது. இங்கே நாற்று நடத் தெரியாது, கடலை பறிக்கத் தெரியாது, மேட்டு வெயில் தாங்காது. குளிரில் கம்பளி போர்த்தி வளர்ந்த உடம்பு சித்திரையில் நம் மலைக்கோட்டைப் பாறையடியில் எப்படிப் படுத்துறங்கும்? ஊர் அவர்களுக்கு "சிலோன்காரங்க" என்று பெயர் வைத்தது. அங்கே அவர்களைக் கள்ளத்தோணி என்றார்கள். இரண்டு கரையிலும் அவர்கள் எதிர்க்கரைக்காரர்கள்.

எனவே அவர்கள் குளிரைத் தேடிப் போனார்கள். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலைக்கு. சீகை மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் ஒப்பந்தக்காரர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தோல் பதனிட உதவும் பட்டை அது. தோல் தொழில் நம் திண்டுக்கல்லின் பழைய அடையாளங்களில் ஒன்று என்பதை நினைவில் கொள்ளுங்கள். காட்டுக்குள் குடிசை, முன்பணம், கடையில் பற்று, கணக்குத் தீராத கடன். 1976-இல் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும், 1980-களில், இந்தியக் குடியுரிமைப் பத்திரம் கையில் வைத்திருந்த மனிதர்கள் நம் மாவட்டத்து மலையில் கொத்தடிமைகளாகக் கிடந்தது வெளியே வந்தது. அவர்களுடைய முப்பாட்டனைக் கங்காணி முன்பணம் கொடுத்துக் கொண்டுபோனான். இவர்களுக்கும் முன்பணம்தான்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். யார் வந்து கூப்பிட்டுக்கொள்வார்கள்? ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர் மிதந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் விசா கிடையாது. கஸ் டால்டன் என்ற மீனவர் பனிமூட்டத்தில் அவர்களைக் கண்டு தன் படகில் ஏற்றினார். கரை சேர்ந்த சில நாட்களில் தங்கி வேலை செய்ய அனுமதிச் சீட்டு கிடைத்தது. டொரொண்டோவிலும் மொன்றியாலிலும் இருந்த தமிழர்கள் வந்து அழைத்துப் போனார்கள். அவர்களும் கஷ்டப்பட்டார்கள், பாத்திரம் கழுவினார்கள், ஏச்சும் கேட்டார்கள். ஆனாலும் புதிதாக வந்தவருக்கு மொழி கற்றுக்கொடுக்க வேண்டும், வேலை காட்ட வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதை அந்த நாடு தன் கடமையாக வைத்திருக்கிறது. நாம், பாஸ்போர்ட்டோடு வந்த நம் சொந்தங்களுக்கு அதைச் செய்யவில்லை. மொழி ஒன்றுதானே, இவர்களுக்கு என்ன தனியாகச் சொல்லித்தர வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதை வரலாறாக மட்டும் பேசியிருப்பேன். இங்கிருந்து எட்டும் தூரத்தில் தோட்டனூத்து முகாமில் அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தமிழரில் ஒரு பகுதியினர் இந்தியாவுக்கு வராமல் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். 1983-க்குப் பிறகு அந்தக் காடே போர்க்களம். 1984-இல் கப்பலும் நின்றது. இந்தியாவுக்கு வரும் உரிமை இருந்தவர்களே வேறு வழியில்லாமல் படகேறி, அகதி என்று பதிந்து, அதே மண்டபத்தில் இறங்கினார்கள். கப்பலில் வந்த அண்ணன் இந்தியக் குடிமகன். படகில் வந்த தம்பி சட்டத்தின் கண்ணில் அனுமதியின்றி நுழைந்தவர். இன்று தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் இப்படி மலையக வம்சாவளியினர் கணிசமாக இருக்கிறார்கள்.

2021-இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. முகாம்களில் 7,469 வீடுகள் கட்டுவதாக அறிவித்தது. 2022 செப்டம்பரில் நம் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களில் பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை படுத்த குடும்பங்களுக்குச் சமையலறையும் கழிப்பறையும் உள்ள வீடு. அந்த வீடுகளைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது. அதைச் செய்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த வீட்டில் இருக்கும் பையன் பொறியியல் படித்து முடித்துவிட்டுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. அரசு வேலைக்குத் தேர்வு எழுத முடியாது. வாக்கு கிடையாது.

சட்டம் இங்கே எப்படி நிற்கிறது என்று மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பெற்றோர் யார் என்ற கேள்வியே இல்லை. அந்தத் தேதியிலிருந்து 2004 டிசம்பர் 3 வரை பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்தவருக்கு, ஒருவர் இந்தியராக இருப்பதோடு மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராகவும் இருக்கக் கூடாது. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைக்கு இடமில்லை. அதே 2019 ஜூனில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மலையக வம்சாவளி மனுதாரர்கள் 65 பேரின் வழக்கில், அவர்களுடைய விண்ணப்பங்களை வாங்கிப் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். 2025-இல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. தலைக்கு மேல் தொங்கிய கத்தி இறங்கியது, அவ்வளவுதான். குடியுரிமை அதில் வரவில்லை.

ஆகவே, இங்கே இருக்கும் சட்ட மாணவர்களிடமும் வழக்கறிஞர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முகாமுக்குப் போய் உட்காருங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். தாத்தா பாட்டிக்குக் கண்டியில் இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கப்பட்டதா? குடும்ப அட்டையோ தோட்டத்துப் பிறப்புப் பதிவோ பெட்டியில் இருக்கிறதா? 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணில் பிறந்த யாராவது வீட்டில் இருக்கிறார்களா, அவருக்கு மருத்துவமனைப் பதிவு உண்டா? அப்படி ஒருவர் இருந்தால் அவர் இந்தியர். அதை நிரூபித்தால் அவருடைய பிள்ளைகளின் வழக்கும் மாறும். வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், கங்காணியின் பெயர், கப்பல் ஏறிய ஆண்டு எல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கின்றன. அதைக் கேட்டு, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, நகல் எடுத்து வையுங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் முதல் நூறு குடும்பங்களையாவது பார்த்துவிட வேண்டும். வர விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள், பெயர் எழுதிக்கொள்கிறேன்.